சூப்பின் குழைவு எங்கே போனது?

எங்கள் வீட்டில் ஸ்வீட் கார்ன் சூப் என்றால், முதலில் டின்னைத் திறக்கும் கறகற சத்தம்தான் கேட்கும். 1980களின் கடைசி வருடங்கள் அவை. ஓட்டலில் குடித்த சூப்பை வீட்டிலும் வைத்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மாதத்துக்கு ஒரு டின் வரும். உள்ளே மணிகள் பாதி, கூழ் பாதியாக வெளிர்மஞ்சள் நிறத்தில் கிடக்கும் சோளம். தண்ணீரும் உப்பும் மிளகும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் போதும், கரண்டியிலிருந்து பட்டுப்போல வழியும்.

இப்போது அம்மாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அதே சூப் வேண்டும் என்றார். பெசன்ட் நகரில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கூழ்வகை டின் இல்லை. முழு மணிகள் மிதக்கும் டின்தான் இருந்தது. பாதியை மிக்ஸியில் அரைத்துச் சேர்த்தேன். பழைய டின்னிலும் அதைத்தானே செய்திருப்பார்கள் என்பது என் கணக்கு. அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "இனிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா குழையலையே." கிண்ணத்தைப் பார்த்தேன். மேலே மஞ்சள் தண்ணீர், அடியில் திப்பி. "எனக்குத்தான் வயசாகி ருசி மறந்துபோச்சோ என்னவோ" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தேட வைத்தது. தேடிப் பார்த்ததில், அம்மாவின் நாக்கு துளியும் தவறவில்லை. சோளம்தான் மாறிவிட்டது.

எலியட்ஸ் கடற்கரைக்கு மாலை ஆறு மணிக்குப் போனால் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மணலும் சாலையும் சேருமிடத்தில் தள்ளுவண்டிகள். ஒரு வண்டியில் கரி அடுப்பு. பச்சை மடல் உரித்த கதிர்கள் தணலில் கிடந்து வெடிக்கின்றன. அடுத்த வண்டியில் ஆவி பறக்கும் பாத்திரம். உதிர்த்த மஞ்சள் மணிகளை வெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்டுக் கிளறிக் கப்பில் தருகிறார்கள். இரண்டையும் நாம் 'சோளம்' என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அந்தப் பெயர் நம் பழைய மானாவாரித் தானியத்துக்குச் சொந்தமானது. இந்தக் கதிரின் முழுப்பெயர் மக்காச்சோளம்.

கரி அடுப்பு வைத்திருக்கும் அக்காவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஸ்வீட் கார்னையும் இப்படிச் சுட்டுத் தரலாமே அக்கா?"

விசிறியை நிறுத்தாமலே சொன்னார்: "அது சுட்டா சரிப்படாதும்மா. தண்ணி விட்டுச் சுருங்கிடும். சுடறதுக்கு நாட்டுச் சோளம்தான். இளசா வேணுமா, முத்தலா வேணுமா?"

சுருங்கிவிடும் என்கிறார் அவர். மரபியல் அறிஞர்களும் அந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர் 'சுருங்கியது' என்ற பொருள் தருவதுதான்! அவர்கள் பார்த்தது காய்ந்த விதையை, அக்கா பார்ப்பது சுட்ட கதிரை. ஆனாலும் இருவரும் தொட்டிருப்பது ஒரே குணத்தை: அந்த மணிக்குள் திடமாக நிற்கும் மாவு குறைவு.

சுடச்சுட ஒரு கதிரை வாங்கிக் கடிக்கும் முன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பி, மணி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என்று இரட்டைப்படையாகவே வரும். கதிர் உருவாகும்போது மணிகளைத் தாங்கும் சிறு கிளைகள் ஜோடி ஜோடியாகத் தோன்றுவதே காரணம். கதிரின் நுனியில் தொங்கும் முடி இருக்கிறதே, அதில் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. இழையின் நுனியில் விழுந்த மகரந்தம் அதற்குள்ளேயே குழாய்போல வளர்ந்து இறங்கினால்தான் அந்த இடத்தில் ஒரு மணி பிறக்கும். எங்கேயாவது பல் விழுந்ததுபோல இடைவெளி இருந்தால், அந்த ஓர் இழைக்கு மகரந்தம் வந்து சேரவில்லை என்று பொருள்.

பிறந்த மணிக்கு இலைகளிலிருந்து சர்க்கரை வந்துகொண்டே இருக்கும். செடிக்கு அது தின்பண்டம் அல்ல. அடுத்த தலைமுறைக்கான சேமிப்பு. சர்க்கரை நீரில் கரையும், நீரை இழுக்கும், கெட்டும் போகும். ஆகவே மணி அதை மாவாக மாற்றி அடுக்கி வைக்கிறது. முடி வெளிவந்து ஏறத்தாழ இருபது நாளில் நகத்தால் கீறினால் பால் வரும், அதுதான் 'இளசு'. இன்னும் சில நாள் விட்டால் பால் இறுகி மாவாகும், அது 'முத்தல்'. அக்கா கேட்ட கேள்வி உண்மையில் "சர்க்கரை எவ்வளவு, மாவு எவ்வளவு?" என்பதுதான்.

இந்த வேலை கதிரைப் பறித்தவுடன் நின்றுவிடுவதில்லை. பழைய இனிப்புச் சோள வகைகளைப் பறித்து 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், ஒரே நாளில் சர்க்கரையில் பாதி அளவு போய்விடும். பனிக்கட்டி வெப்பநிலையில் வைத்தால் இழப்பு பத்தில் ஒரு பங்குகூட இராது. சென்னையில் 30 டிகிரி என்பது மார்கழிப் பகல். சித்திரையில் கோயம்பேட்டிலிருந்து ஒரு கதிர் வீடு வந்து சேர்வதற்குள் அதன் இனிப்பு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் கிராமங்களில் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் கதிர் பறிக்கப் போவார்கள் என்று சொல்வதுண்டு.

நம் சூப்பின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரையை மாவாக்கும் வேலையை மணிக்குள் பல நொதிகள் வரிசையாக நின்று செய்கின்றன. முதலில் நிற்பது வாயிற்காவலர் போன்ற ஒரு நொதி. சர்க்கரைத் துண்டுகளைத் தயார் செய்து உள்ளே அனுப்புவது அதன் வேலை. அடுத்து வரும் நொதிகள் அந்தத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோக்கும், கிளை பிரிக்கும். கடைசியில் தோட்டக்காரரைப் போல ஒன்று வந்து, கண்டபடி வளர்ந்த கிளைகளைக் கத்தரிக்கும். கத்தரித்து ஒழுங்காக்கிய சங்கிலிகள்தான் நெருக்கமாக அடுக்கப்பட்டு, மாவு மணிகளாக இறுகும்.

பழைய இனிப்புச் சோளத்தில் இந்தத் தோட்டக்காரருக்கான மரபணு பழுதானது. கத்தரிக்க ஆளில்லாமல் கிளைகள் புதர்போல மண்டுகின்றன. புதரை அடுக்க முடியுமா? அதனால் அது இறுகிய மாவாகாமல், நீரில் கலந்து பால்போல நிற்கிறது. இதன் பெயர் ஃபைட்டோகிளைகோஜன். முற்றிய மணியின் உலர் எடையில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இது இருக்கும். அம்மாவின் கரண்டியிலிருந்து பட்டுப்போல வழிந்தது இதுதான். கூழ்வகை டின்னில் தொழிற்சாலைக்காரர்கள் கொஞ்சம் மாவும் சேர்ப்பதுண்டு. ஆனாலும் நாக்கில் படும் அந்த வழவழப்பின் ஆதாரம் இந்தப் புதர்ச் சர்க்கரையே.

புதிய வகையில் பழுதானது வாயிற்காவலர். சர்க்கரை உள்ளே போகவே வழியில்லை, வெளியிலேயே குவிகிறது. மணி மிகமிக இனிக்கிறது. மாவு குறைவு, புதர்ச் சர்க்கரை அநேகமாக இல்லை. காய்ந்தால் உள்ளே தாங்கிப் பிடிக்க எதுவுமில்லாமல் விதை சுருங்கிவிடும். இதன் சர்க்கரையை 1950களின் தொடக்கத்தில் அளந்து பார்த்துச் சொன்னவர், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் லாஃக்னன். அவர் இனிப்புச் சோளத்தைத் தேடிப் போகவில்லை. மரபணு ஆராய்ச்சிக்காக வளர்த்த சுருங்கிய விதைகளில்தான் அந்த இனிப்பைக் கண்டார். அவரே அதிலிருந்து விற்பனைக்கேற்ற மீயினிப்பு வகையையும் உருவாக்கினார். பறிக்கும்போதே பழைய வகையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சர்க்கரை இருக்கும். அதைவிட முக்கியம், மாவாகும் பாதை அடைபட்டிருப்பதால் நாள்கணக்கில் இனிப்பு பெரிதாகக் குறையாது. லாரியில் ஒரு நாள், கடையில் இரண்டு நாள், நம் ஃபிரிட்ஜில் மூன்று நாள் கிடந்தும் இனிக்கிற கதிர், வெப்ப நாடுகளின் வணிகத்துக்குக் கிடைத்த வரம்.

சுருக்கம் விழுந்த விதைக்கும் இனிப்புக்கும் உள்ள இந்த உறவு சோளத்தோடு முடிவதில்லை. மெண்டல் தோட்டத்தில் உருண்டைப் பட்டாணி, சுருங்கிய பட்டாணி என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சுருக்கமும் இதே ரகம்தான். மாவு கட்டும் வரிசையில் ஒரு நொதி பழுதாகி, சர்க்கரையும் நீரும் கூடி, காயும்போது சுருங்கிய விதை அது. மரபியல் என்ற அறிவியலே ஒருவகையில் சேமிப்பு தவறிய விதைகளிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம்.

டின் சோள ஏற்றுமதியில் இன்று தாய்லாந்து உலகின் முன்னணியில் நிற்கிறது. அங்கே டின்னுக்குப் போவது பெரும்பாலும் மீயினிப்பு வகை. அதில் முழு மணி நன்றாக நிற்கும். கடித்தால் மொறுக்கென்று உடைந்து தேன்போல நீர் விடும். சாலட்டுக்கு அருமை. ஆனால் அதை எவ்வளவு அரைத்தாலும் இல்லாத குழைவு எங்கிருந்து வரும்? நான் அரைத்தது இனிப்பு நீரையும் தோலையும்தான்.

டின் மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வெப்பம் பரவும் விதம். நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டார். ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களைப் பற்றிப் பாஸ்டர் சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. சோளம் டின்னுக்குள் போனபோது பெரிய சிக்கல் வந்தது. பார்க்க நன்றாக இருக்கும் டின்னைத் திறந்தால் புளித்த வாடை. 1890களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சாமுவேல் பிரெஸ்காட்டும், டின் உணவுத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் அண்டர்வுட்டும் அதை ஆராய்ந்தார்கள். டின்னின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரவில்லை, அங்கே வெப்பம் தாங்கும் நுண்ணுயிர்கள் பிழைத்திருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள்.

ரசத்தையும் களியையும் சூடாக்கிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ரசம் தானே புரண்டு புரண்டு கொதிப்பதால் சூடு எங்கும் பரவும். களியில் அடி தீயும், நடு வெதுவெதுப்பாகவே இருக்கும். முழு மணி நீரில் மிதக்கும் டின் ரசம்போல. கூழ்வகை டின் களிபோல. அதன் நடுவைப் பாதுகாப்பான சூட்டுக்குக் கொண்டுவர அதிக நேரம் வேண்டும். அதற்குள் சோளம் வெந்து நிறம் மங்கி, பச்சை வாசனை போய்விடும். முழு மணியை அடைப்பது வேகமும் சிக்கனமும் ஆனது.

அந்தப் பாதுகாப்பான சூடு 100 டிகிரி அல்ல. காற்றில்லாத இடத்தில் வளரும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தும் சாகாதவை. அது உண்டாக்கும் நச்சு நரம்புகளை முடக்கி உயிரையே பறிக்கக்கூடியது. எலுமிச்சை ஊறுகாயில் புளிப்பு அதை வளரவிடாது. புளிப்பு குறைந்து பிஹெச் அளவு 4.6-க்கு மேலே போனால் ஆபத்து; சோளமோ நடுநிலையை ஒட்டி நிற்கிற பொருள். அதனால்தான் ஆலைகளில் நீராவி அழுத்தத்தில் டின்னைச் சூடாக்குகிறார்கள். டின்னுக்குள் எந்த இடம் கடைசியாகச் சூடேறுகிறதோ, அந்த இடமும் 121 டிகிரியில் மூன்று நிமிடம் இருந்ததற்கு ஈடான சூட்டைப் பெற்றாக வேண்டும். சோளத்தை வேகவைத்துப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கும் வேலையை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. நம் குக்கர் சமைப்பதற்கானது. அடைத்த புட்டியின் நடுவே எவ்வளவு சூடு போனது என்று அது சொல்லாது.

இவ்வளவு சூட்டில் நடக்கும் ஒரு மாற்றத்தைக் கேட்டு நான் வியந்துபோனேன். சோளத்தில் கந்தகம் கலந்த ஒரு சத்து இருக்கிறது. சூடேறியதும் அது உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவைத் தருகிறது. வேகும் சோளத்துக்கும் டின் சோளத்துக்கும் உரிய அந்தத் தனி மணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் ஆண்டாண்டு காலமாக வெளியிடுவதும் இதே வாயுதான். கடற்காற்றின் வாசனையில் அதற்குப் பங்கு உண்டு. 1972-இல் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் கடல்நீரில் இது பரவிக் கிடப்பதை எடுத்துச் சொன்னார்கள். எலியட்ஸ் கடற்கரையில் சோள வண்டிக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்தால், கிழக்கிலிருந்து வரும் காற்றிலும் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியிலும் ஒரே மூலக்கூறு நம் மூக்குக்கு வருகிறது.

அதே கந்தகம் டின்னுக்கு ஒரு தொல்லையும் கொடுத்தது. உலோகத்தோடு சேர்ந்து உள்சுவரில் கருப்புக் கறை படிந்தது. உணவுக்குக் கேடில்லை, ஆனால் பார்த்தவர்கள் வாங்க மாட்டார்களே. 1920களில் துத்தநாக ஆக்சைடு கலந்த பூச்சு ஒன்றை உள்ளே பூசினார்கள். கந்தகம் இரும்பைத் தேடிப் போகாமல் துத்தநாகத்தோடு சேரும். சேர்ந்து உண்டாகும் பொருள் வெள்ளை, கண்ணில் படாது. அந்தப் பூச்சின் பெயரிலேயே சோளம் இருக்கிறது: சி-எனாமல், 'சி' என்றால் கார்ன்.

டின் என்றாலே சத்தில்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் வெளிவந்த ஆய்வில், இனிப்புச் சோளத்தை 115 டிகிரியில் 25 நிமிடம் சூடாக்கியபோது வைட்டமின் சி-யில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மணியின் நார்ப்பகுதியில் பிணைந்து கிடந்த ஃபெருலிக் அமிலம் விடுபட்டுப் பலமடங்கு கூடியது. எப்போதாவது ஒரு டின் வாங்குவதில் குற்றமில்லை. உப்பும் சேர்த்த சர்க்கரையும் எவ்வளவு என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்கினால் போதும்.

ஆனால் கதிர் மலிவாகக் கிடைக்கும் ஊரில் டின்னுக்கு மாற்று நம் ஃபிரிட்ஜின் ஃபிரீசரிலேயே இருக்கிறது. கதிர்களை வாங்கிய அன்றே மடல் உரித்து, கொதிக்கும் நீரில் நான்கு நிமிடம் போடுங்கள். அப்படியே எடுத்து ஐஸ் தண்ணீரில் முக்கி நன்றாக ஆறவிடுங்கள். சூடு காட்டாமல் உறைய வைத்தால், மணியிலுள்ள லிப்பாக்ஸிஜினேஸ் போன்ற நொதிகள் உறைந்த நிலையிலும் மெல்ல வேலை செய்து, சில வாரங்களில் காய்ந்த வைக்கோல் வாடையைக் கொண்டுவந்துவிடும். ஆறியதும் கதிரை நிறுத்திக் கத்தியால் மணிகளைச் சீவி, ஈரம் ஒற்றி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி உறையவிட்டுப் பிறகு பையில் போடுங்கள். குவியலாக வைத்தால் மெல்ல உறையும். மெல்ல உறைந்தால் பெரிய பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் திசுவைக் கிழிக்கும். சமைக்கும்போது மணி தளர்ந்து நீர் விடும். மணி சீவிய தண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதை நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் அந்தச் சாறே சூப்புக்கு அடித்தளம்.

இனி அம்மாவின் குழைவு. மீயினிப்புக் கதிரில் இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? கரி அடுப்பு அக்காவின் கூடையிலிருந்துதான். நாட்டுச் சோளத்தில் காவலரும் உண்டு, தோட்டக்காரரும் உண்டு. மாவு ஒழுங்காகச் சேரும். இளசும் இல்லாமல் முத்தலும் இல்லாமல், கீறினால் கெட்டிப்பால் வருகிற பதத்தில் ஒரு கதிர் வாங்கினேன். ஸ்வீட் கார்ன் மூன்று. நாட்டுக் கதிரைக் கேரட் துருவியில் துருவினேன். தோல் துருவியிலேயே தங்கிவிட, பாலும் சதையும் கிண்ணத்தில் விழுந்தன. ஸ்வீட் கார்னில் ஒன்றைத் துருவி, இரண்டை மணியாகச் சீவினேன். தண்டுகளின் சாறு கொதி அடங்கிய நிலையில் துருவலைச் சேர்த்துக் கிளறிக்கொண்டே மெல்லச் சூடேற்றினேன். 60, 70 டிகிரிக்கு நடுவே மக்காச்சோள மாவுமணிகள் தண்ணீர் குடித்து உப்பத் தொடங்கும். கைக்குக் கரண்டி சற்றே கனப்பதில் அது தெரிந்தது. அடித்துக் கிளறாமல், தளதளவென்று வரும்வரை சிறுதீயில் விட்டேன். உப்பு, மிளகு, ஒரு துளி வெண்ணெய்.

அம்மா குடித்துப் பார்த்தார். பழைய டின் சூப் அல்ல இது. அதன் குழைவு புதர்ச் சர்க்கரையால் வந்தது. இது உப்பிய மாவால் வந்தது. இரண்டுக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியும். அவருக்கும் தெரிந்தது.

"அது வேற, இது வேற" என்றார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து" என்றார்.